அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது கேட்டீர்களா?

வாசகர் கடிதம்

கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங்கில் வசிக்கும் 49 வயது வாசகி ஒருவர் தன் அம்மாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, சுருக்கமாகத் தருகிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. பினாங்கு ஜெலுத்தோங்கில் மாடியில்லாத பழைய தெரஸ் வீடு. அப்பா இறந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து அம்மா தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் விடியற்காலை 4 மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தவர், அதன் வாசலிலேயே விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. கைப்பேசி படுக்கையறையில் இருந்தது. மூன்றரை மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். தினமும் காலையில் வாசலில் கோலம் போடுகிறவர் அன்று போடவில்லை என்பதைக் கவனித்த பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிதான் கூப்பிட்டுப் பார்த்து, உள்ளே முனகல் கேட்டதும் ஆட்களைக் கூட்டினார். கிரில் கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததால் தீயணைப்புப் படையினர் வந்து பூட்டை வெட்ட வேண்டியதாயிற்று. 'தரை ஈரமா இருந்திருக்கு, வழுக்கிடுச்சு' என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அம்மாவோ ஆம்புலன்சில் 'கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு' என்று சொன்னாராம்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டை விற்றுவிட்டு அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார். பெற்றோரைத் தனியாக விட்டால் சட்டப்படி நாம் மாட்டிக்கொள்வோம் என்றும் பயமுறுத்துகிறார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் இளைய தம்பிக்கு வீடு முழுக்கக் கேமரா மாட்டினால் போதும். வாசகி தன் 17ஆவது மாடி கொண்டோவுக்கு அழைத்துவர நினைக்கிறார். அம்மா மறுக்கிறார்: 'இந்த வீட்ட விட்டு என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்.' விழுந்த நாளிலிருந்து பிள்ளைகள் அவரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை, கோயிலுக்கு விடுவதில்லை, சமைக்க விடுவதில்லை. பகலில் ஒரு பெண் வந்து சமைத்துவிட்டுப் போகிறார். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

'பவர் ஆஃப் அட்டர்னி வாங்கினால் நானே முடிவெடுத்து அழைத்துவர முடியுமா? அம்மாவைத் தனியாக விட்ட நான் மோசமான மகளா?' என்று முடித்திருக்கிறார். அம்மா சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் மோசமான மகள் இல்லை. வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவு நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் ஓட்டிப்போய், ஞாயிறு மாலை திரும்பி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் உங்களிடம் யாரும் கேட்க முடியாது. ஆனால் களைத்துப்போன மனம் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவைத் தேடும். 'எங்கே வைத்துக்கொள்வது' என்ற கேள்வியில் நீங்கள் மூவரும் சிக்கிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கொண்டோ, முதியோர் இல்லம், கேமரா, மூன்றைப் பற்றியும் கடிதத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அம்மா ஏன் விழுந்தார் என்பதற்கு இருப்பது ஒரே வரி: தரை ஈரம். அம்மா மாலை ஏழு மணிக்குக் குளித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வெக்கையில் அந்தத் தரை விடியற்காலை நான்கு மணிவரை ஈரமாக இருந்திருக்குமா? கண் இருட்டியது என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். ஒரு மருத்துவராக என் காதில் விழுவது அந்த வார்த்தைதான்.

படுத்திருந்து எழுந்ததும் கண் இருட்டுவது

நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களுக்கு இறங்கும். இளம் வயதில் உடம்பு சில நொடிகளில் ரத்தக் குழாய்களை இறுக்கி அதைச் சரிசெய்துவிடும். வயதானால் அந்த வேகம் குறையும், நீண்ட காலச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் குறையும். அதற்கு மேல் மருந்துகள் சேர்கின்றன. உங்கள் பட்டியலில் பிரஷருக்கு அம்லோடிபின் இருக்கிறது, சிறுநீர் அதிகம் போகச்செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட். சளிக்கு அவ்வப்போது பிரிட்டன் (Piriton) மாத்திரை. கடைசி வரியில், போகிறபோக்கில் எழுதியதுபோல, 'அப்பா போனதிலிருந்து தூக்கத்துக்கு லோராசெபாம், பக்கத்து கிளினிக்கில் வாங்குவது.'

பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் அரசு கிளினிக்கில் தருபவை. தூக்க மாத்திரை தனியார் கிளினிக்கில். சளி மாத்திரை கடையில். மூன்று இடமும் ஒன்றுக்கொன்று தெரியாது. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகத்தான் கொடுத்திருப்பார்கள், ஆனால் எல்லாம் ஒரே வயிற்றில் சேரும்போது என்ன ஆகும் என்று பார்க்க ஆளில்லை. துக்கம் தாங்காத நாட்களுக்காகக் கொடுத்த தூக்க மாத்திரை மூன்று ஆண்டுகளாகத் தொடர்கிறது. அந்த மாத்திரை நடுராத்திரியில் எழுபவரைத் தள்ளாட வைக்கும். பிரிட்டன் மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். சிறுநீர் மாத்திரை உடம்பின் உப்பைக் குறைத்துத் தலைசுற்ற வைப்பதுண்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அதை மாலையில் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். பலருக்கு நேரத்தைக் காலைக்கு மாற்றினாலே ராத்திரியில் எழுவது குறையும்.

இன்னொன்று. அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிக்லசைட் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். விழுந்தது வெள்ளி ராத்திரி தாண்டிய விடியலா என்று நாட்காட்டியைப் பாருங்கள். விரதத்தை விடச்சொல்லி நான் சொல்லவில்லை. அன்றைய மாத்திரை அளவை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு விரதம் இருக்கட்டும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் நீங்களே ஒன்று பார்க்கலாம். அம்மா ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும், அளவெடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். இறங்கவில்லை என்றாலும் அன்று கண் இருட்டியதைக் கட்டாயம் சொல்லுங்கள். இதயத் துடிப்புக் கோளாறும் அப்படிச் செய்யும், ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரையை. மூன்று ஆண்டு பழகிய உடம்பில் அதைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். டாக்டர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உள்பட, ஒரே பையில் போட்டு அரசு கிளினிக்குக்கு எடுத்துப்போய் மேசையில் கொட்டுங்கள். பட்டியலைவிட அது நல்லது, ஏனென்றால் அம்மா பட்டியலில் சொல்லாத ஒன்று பைக்குள் எப்போதும் இருக்கும். 60 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணமும் கிடையாது.

'நல்லவேளை, மணிக்கட்டுதான்'

இந்த வரியை நீங்கள் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் உங்களுடன் உடன்பட மாட்டேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததில் எலும்பு முறிந்தால், அந்த எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்றுதான் மருத்துவத்தில் எடுத்துக்கொள்வோம். அடுத்த முறை முறிவது இடுப்பாக இருக்கலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

மாவுக்கட்டு பிரித்ததோடு விஷயம் முடிந்ததாக எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று தெரிகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குக் கேளுங்கள். எலும்புத் தேய்வுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், 'இது முறிந்த எலும்பு டாக்டர், வேறு சிகிச்சை வேண்டாமா?' என்று திரும்பக் கேட்கத் தயங்காதீர்கள். அப்படியே கண்ணையும் பார்த்துவிடுங்கள். புரை இருந்தால் இருட்டில் படி தெரியாது.

கட்டிலிலிருந்து கழிப்பறைவரை

அம்மாவின் உடம்பைப் பார்த்தாயிற்று. இனி வீடு. கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது ஓர் இரவு அம்மாவின் கட்டிலில் நீங்கள் படுங்கள். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விளக்கு போடாமல், அம்மாவைப்போல வெறுங்காலோடு கழிப்பறைவரை நடந்து பாருங்கள். சுவிட்ச் எங்கே, கை எதைத் தேடுகிறது, கால் எங்கே தடுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் விவரிப்பிலிருந்து எனக்குத் தெரிவது இது. படுக்கையறையிலிருந்து வரவேற்பறை தாண்டி, சமையலறைக்கு ஒரு படி இறங்கி, அதைக் கடந்து குளியலறை. வாசலில் நாலு அங்குல உயரத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் திண்டு. உள்ளே குந்தும் கழிப்பறை, பக்கத்தில் தொட்டியும் வாளிக் குவளையும். நம்மவர்களின் பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். நாற்பது வயதில் கட்டியபோது யாரும் எழுபத்தெட்டை நினைத்துக் கட்டவில்லை.

முதலில் வெளிச்சம். ஆள் நடமாடினால் தானே எரியும் சிறு விளக்குகள் ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கட்டிலுக்குக் கீழே ஒன்று, சமையலறைப் படியில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று. படியின் ஓரத்தில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். தரையும் படியும் ஒரே நிறத்தில் இருந்தால் வயதான கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. திண்டைத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒன்று, கழிப்பறை பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. படுக்கைவாட்டில் மாட்டும் கம்பி தரையிலிருந்து 84 முதல் 91 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், அம்மாவை நிற்கவைத்து அளந்து மாட்டுவது இன்னும் நல்லது. செங்கல் சுவரில் துளைபோட்டு இறுக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகைக் கம்பிகளை வாங்காதீர்கள். பார்க்க உறுதியாக இருக்கும், முழு எடையும் விழும் நேரத்தில் கழன்றுவரும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதையும் கழற்றிவிட்டு உண்மையான கம்பியை மாட்டிவிடுங்கள்.

குந்தும் கழிப்பறையை மாற்றி உட்காரும் கழிப்பறை வைப்பது கொஞ்சம் செலவு. மூன்று பிள்ளைகள் பங்குபோட்டால் முடியும், முதியோர் இல்லத்தின் சில மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் கமோட் நாற்காலி வைக்கலாம். பூசையறை பக்கத்தில் இருக்கும் அறை என்றால் அம்மா சங்கடப்படுவார். வற்புறுத்த வேண்டாம். 'கழிப்பறை வேலை முடியும்வரைக்கும்மா' என்று கேட்டுப் பாருங்கள். குளிக்க, ரப்பர் பாதமுள்ள நாற்காலியும் கையில் பிடிக்கும் ஷவரும் போதும். நின்றுகொண்டு குனிந்து தொட்டியில் மொண்டு ஊற்றுவதுதான் ஆபத்து.

பூசையறையைச் சொன்னேன். இதைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகளில் ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரையில் வைத்த குத்துவிளக்குக்குக் குனிந்து திரி ஏற்றி நிமிரும்போது தலை சுற்றும். சொட்டிய எண்ணெய் மொசைக் தரையில் கண்ணுக்குத் தெரியாது. விளக்கை இடுப்பு உயர மேசையில் ஏற்றிவிடுங்கள், கீழே எண்ணெய் பிடிக்கும் தட்டு வையுங்கள். அம்மா தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நீங்கள் சொல்வதைவிடக் கோயில் ஐயர் சொன்னால் கேட்பார். என் நோயாளிகள் சிலரிடம் அது பலித்திருக்கிறது. வீட்டுக்குள் வெறுங்கால் நம் வழக்கம். சர்க்கரையால் பாதம் மரத்திருப்பவருக்கு அது சரிப்படாது. வெளியே போடாத, பின்பக்கம் பிடிப்புள்ள ரப்பர் செருப்பை வீட்டுக்கென்றே வாங்கிக் கொடுங்கள், பூசையறை வாசலில் மட்டும் கழற்றட்டும். தரையைக் கூட்டும் நீளத்தில் கைலி கட்டினால் கொஞ்சம் மேலே தைத்துவிடுங்கள்.

அப்புறம் சமையலறையில் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல். மேல் அலமாரியில் இருக்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு இறக்கிவிட்டு, ஸ்டூலை உங்கள் காரில் போட்டு பூச்சோங்குக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்னச் சின்ன வேலைகளாகத் தெரியலாம். பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, ஏற்கெனவே விழுந்தவர்கள்போல ஆபத்து அதிகமுள்ள முதியவர்களின் வீட்டில் இப்படித் திருத்தங்கள் செய்தபோது விழுவது 38 விழுக்காடு குறைந்தது. முடிந்தால், அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிசொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் வீட்டின் படங்களைக் காட்டி யோசனை கேளுங்கள், கிளினிக்கிலேயே அனுப்பிவைப்பார்கள்.

அந்த மூன்றரை மணி நேரம்

கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்தது இதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே தசை நசுங்கிச் சிறுநீரகம் பாதிக்கலாம், புண் வரலாம், நுரையீரலில் சளி கட்டலாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அம்மா மறுபடி விழமாட்டார் என்று நானோ யாரோ வாக்குக் கொடுக்க முடியாது. விழுந்தால் பத்து நிமிடத்தில் ஒருவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தவர் உள்ளே வர முடிய வேண்டும். இரண்டையும் உங்களால் ஏற்பாடு செய்ய முடியும்.

தெரிவதற்கு: அழுத்தினால் அழைக்கும் பொத்தானோ, விழுந்தால் தானே அழைக்கும் கைக்கடிகாரமோ. தண்ணீர் படக்கூடியதாக இருக்க வேண்டும், குளியலறைக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. அது பிடிக்காவிட்டால் கழுத்தில் தொங்கும் பையில் கைப்பேசி, உங்கள் மூவரின் படத்தைத் தொட்டால் அழைக்கும்படி. 999ஐயும் அதில் வையுங்கள். காலை ஏழு மணிக்கு முறைவைத்து ஒரு பிள்ளை அழையுங்கள்.

உள்ளே வருவதற்கு: உள்பக்கம் மாங்காய்ப்பூட்டு போடுவதை நிறுத்தி, இரண்டு பக்கமும் சாவி போடக்கூடிய பூட்டாக மாற்றுங்கள். திருட்டுப் பயத்தில் நாம் போடும் கிரில்தான் ஆபத்து நேரத்தில் நம்மையே அடைத்து வைக்கிறது. தீ பிடித்தாலும் இதே கதைதான்.

விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் கற்றுக்கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பக்கவாட்டில் புரண்டு, முழங்காலும் கையும் ஊன்றி, பக்கத்தில் இருக்கும் உறுதியான நாற்காலிவரை தவழ்ந்துபோய், அதில் கைவைத்து, பலமான காலை முதலில் ஊன்றி எழுவது. மணிக்கட்டு ஆறியதும் பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழகட்டும். எழ முடியாவிட்டால் போர்வை எட்டும் தூரத்துக்கு நகர்ந்து, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, சத்தம் எழுப்ப வேண்டும். எங்காவது கடுமையாக வலித்தால் எழ முயலவே கூடாது.

கொண்டோவும் கேமராவும்

உங்கள் வீட்டில் பாதுகாப்பு அதிகம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நீங்களும் கணவரும் காலை ஏழரைக்குப் போய் இரவு ஏழுக்கு வருகிறீர்கள், பிள்ளைகள் கல்லூரி விடுதியில். ஆக 17ஆவது மாடியில் அம்மா ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் தனியாக. ஜெலுத்தோங்கில் கோலம் இல்லை என்று கவனிக்க ஒருவர் இருந்தார். உங்கள் தளத்தில் அம்மாவின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? பழக்கமில்லாத வீட்டில் ராத்திரியில் எழும் முதியவர் குழம்பிப்போய் விழுவதும் அதிகம். கோலாலம்பூருக்கு வரவே கூடாது என்று சொல்லவில்லை. மூன்று வாரம் விருந்தாளியாக வரட்டும், வீட்டுச் சாவி அம்மா கையிலேயே இருக்கட்டும். பிடித்தால் அவரே நீட்டிப்பார்.

கேமரா பற்றி: விழுவதைக் கேமரா தடுக்காது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியவே தெரியும். அம்மா சம்மதித்தால் வரவேற்பறையில் ஒன்று வைக்கலாம். படுக்கையறையில் வைத்தால், தன் வீட்டில் சேலை மாற்றக்கூட இடமில்லாமல் போகும் அவருக்கு. சின்னத் தம்பியின் அக்கறையை வேறு பக்கம் திருப்புங்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வாரத்தில் ஒரு நாள் மாலை அவர் வந்து, கம்பி மாட்டி, மருந்துப் பெட்டியை வாரத்துக்கு நிரப்பிவிட்டுப் போனால் பத்துக் கேமராவுக்குச் சமம். சிங்கப்பூர்த் தம்பி செலவில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளட்டும். இப்போது வரும் பெண்ணைச் சமையலோடு நிறுத்தாமல், அம்மா குளிக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கும்படி நேரத்தை மாற்றுங்கள். பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்பாளருக்கும் ஆகும் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு கோரலாம். டாக்டரின் சான்று வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

யார் முடிவெடுப்பது

நான் வழக்கறிஞர் இல்லை, கையெழுத்துக்கு முன் ஒருவரைப் பாருங்கள். ஆனால் என் நோயாளிகளின் குடும்பங்களில் அடிக்கடி வரும் குழப்பம் என்பதால் அடிப்படையைச் சொல்கிறேன். பவர் ஆஃப் அட்டர்னி என்பது அம்மா தன் சொத்து, பண விவகாரங்களைக் கவனிக்க உங்களுக்குத் தரும் அதிகாரம். அம்மா எங்கே வாழ வேண்டும் என்று அவர் விருப்பத்துக்கு எதிராக முடிவெடுக்கும் உரிமையை அது தராது. அதோடு, மலேசியச் சட்டப்படி அம்மாவுக்கு முடிவெடுக்கும் மனத்திறன் போய்விட்டால் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னியும் செல்லாததாகிவிடும். அந்த நிலை வந்தால் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தம்பி சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் 1995இல் வந்தது. அங்கே வாழும் பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்க வழி செய்வது அது. மலேசியாவில் அப்படிச் சட்டம் இல்லை.

உங்கள் கடிதத்தின்படி அம்மா கரண்ட் பில்லைத் தானே கட்டுகிறார், உங்கள் மூவரின் பேச்சையும் புரிந்துகொண்டு காரணம் சொல்லி மறுக்கிறார். அப்படிப்பட்டவர் கொஞ்சம் ஆபத்தோடு தன் வீட்டில் இருக்க விரும்பினால், அது அவர் எடுக்கக்கூடிய முடிவு. வீட்டை விற்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால், கம்பி மாட்டப் போனால்கூட அம்மா சந்தேகமாகத்தான் பார்ப்பார். அடுத்த முறை தலை சுற்றினால் உங்களிடம் சொல்லவும் மாட்டார். மறைத்துவிடுவார், அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

எப்போதுமே இப்படியே விடலாம் என்றும் நான் சொல்லவில்லை. அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, ஒரே மாத்திரையை இருமுறை சாப்பிடுவது, எடை குறைவது, எல்லாம் செய்தும் மறுபடி மறுபடி விழுவது, இவை தென்பட்டால் நிலைமை மாறிவிட்டது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது இரவில் துணைக்கு ஆளோ, வேறு இடமோ தேவைப்படும். அந்தப் பேச்சை அம்மா தெளிவாக இருக்கும் இப்போதே, ஒரு நல்ல நாளில் தொடங்குங்கள்: 'ஒருவேளை முடியாமப் போனா, யார்கூட இருக்க விருப்பம்மா?' என்று.

உட்கார வைத்தால்

நீங்கள் அன்போடு போட்ட தடைகள் அம்மாவைப் பலவீனமாக்கிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மாதம் டிவி முன்னால் உட்கார்ந்த 78 வயதுத் தொடை என்ன ஆகும்? கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். தசை போனால் சமநிலை போகும், சமநிலை போனால் மறுபடி விழுவார். கால் பலத்துக்கும் சமநிலைக்கும் முறையாகப் பயிற்சி செய்தால் விழுவது ஏறக்குறைய 23 விழுக்காடு குறையும் என்று 2019ஆம் ஆண்டின் கோக்ரேன் தொகுப்பு சொல்கிறது. சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, இவற்றிலிருந்து பிசியோதெரபிஸ்ட் தொடங்கி வைப்பார். செடிகளை இடுப்பு உயரப் பலகைக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சமைக்கட்டும். சமூக நலத்துறையின் பாவே என்னும் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன, பேச்சுத் துணைக்காவது ஒருநாள் போய்ப் பார்க்கட்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 500க்கும் மேற்பட்ட படிகளை இந்த ஆண்டு ஏற வேண்டாம். ஆனால் கூட்டமில்லாத ஒரு காலையில் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் தாவரவியல் பூங்காவின் சமதளப் பாதையில் உங்கள் கையைப் பிடித்துக் கால்மணி நேரம் நடக்கட்டும். பயிற்சி எதற்கு என்று அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைக்கும்.

இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் போகும்போது முடிவு எதையும் பேச வேண்டாம். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேளுங்கள். சனிக்கிழமை மருந்துப் பையைக் கட்டி, பிரஷரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் எடுத்து எழுதுங்கள். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு எடுக்க முடிந்தால் நீங்களே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கிளம்பும் முன், அம்மா சம்மதித்தால், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் புதுப் பூட்டின் சாவி ஒன்றையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். எட்டு மணிக்குள் கோலம் இல்லை என்றால் அவர் கதவைத் திறந்து பார்க்கட்டும்.